மாமா எழுதிக் கொடுத்த லேப்டாப்

போன வாரம் ஓர் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். எந்தப் படிப்பு எடுக்கலாம் என்று கேட்கத்தான் வருகிறார்கள் என நினைத்தேன். அது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பெண் வரலாறு எடுத்திருக்கிறாள், இடமும் கிடைத்துவிட்டது. வந்த விஷயம் லேப்டாப். நான்காக மடித்த ஒரு தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தார் அம்மா. அவருடைய தம்பி, அதாவது பெண்ணின் மாமா, எழுதிக் கொடுத்தது. ஐ7 ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு, 15.6 அங்குலத் திரை. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு: "இதற்குக் குறைந்து வாங்காதே."

மாமா சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். அந்த வீட்டில் கணினி என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். "எங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். அவன் சொன்னதையே வாங்கிவிடலாம். ஆனால் தவணையில் போட்டாலும் மூன்று வருஷம் கட்டணும். வாங்கிக் கொடுக்காமல் விட்டு இவள் படிப்பில் பின்தங்கிவிட்டால்?" என்றார் அம்மா.

பயப்படாதீர்கள், ஏதாவது வழி பார்க்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க, இது ஆறுதல் சொல்லி அனுப்புகிற விஷயமில்லை என்று பட்டது.

பெண்ணிடம் கேட்டேன்: "காலையிலிருந்து ராத்திரி வரை இந்த மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?" அவளுக்கு விடை தயாராக இருந்தது. தினமும் பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வகுப்புக் குறிப்புகளை டைப் செய்ய வேண்டும். பழைய ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளைப் படிக்க வேண்டும். வயதானவர்களிடம் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்க வேண்டும். ஒரே நேரத்தில் பிரௌசரில் இருபது பக்கம் திறந்திருக்கும். கேம்? "ஃபோனில்கூட விளையாட மாட்டேன்."

அப்போதுதான் அம்மா வாய்தவறிச் சொன்னார்: "நல்ல மெஷின் கையில் இருந்தால் இவள் மனசு கோடிங் பக்கம் திரும்பும் என்று தம்பி நினைக்கிறான்."

சரி, விஷயம் இதுதான். அந்தத் தாளில் இருந்தது லேப்டாப் இல்லை, தூண்டில். வரலாறு படிக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லி இடமும் வாங்கிவிட்ட பெண்ணை, மூன்று வருஷத் தவணைக்கு வாங்கிய ஒரு பெட்டியை வைத்து வேறு பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். அவள் என்ன படிக்கிறாளோ அதற்குத்தான் மெஷின். மற்றவர்களுடைய ஆசைக்கு அவள் தோளில் சுமை ஏற்ற வேண்டியதில்லை.

சுமை என்று சும்மா சொல்லவில்லை. 15.6 அங்குல கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டே கால் கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் சார்ஜர் ஒரு செங்கல், அதுவே அரைக் கிலோவைத் தொடும். அந்தச் சார்ஜர் இல்லாமல் ஒரு முழு நாளை ஓட்டுவது கடினம் என்பதால் அதையும் சுமந்தே ஆக வேண்டும். கொஞ்சம் வேலை கொடுத்தால் விசிறி இரைய ஆரம்பிக்கும். நூலகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இத்தனையும் எதற்கு? கனமான படம், வீடியோ, கேம் வேலைகளுக்கென்றே உள்ள, அவள் ஒருநாளும் தொடப்போகாத கிராபிக்ஸ் கார்டுக்கு. முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், கட்டடக்கலை என்று படிக்கிறவர்களுக்கு அந்தக் கார்டு தேவைப்படும், அவர்களுக்கு மாமா சொன்னதே சரி. இவளுக்கு இல்லை.

அப்புறம் அந்த ஐ7. ப்ராசஸர் என்பது கணினியின் மூளை; ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனி அதற்கு வைத்த பெயர்கள். "ஐ5 வேண்டாம், ஐ7தான் வாங்கணும்" என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்கிறார். இன்டெல் 2016-இல் விட்ட ஐ7-7500யூ என்ற ப்ராசஸரில் இருந்தது இரண்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பிரிவு. அடுத்த ஆண்டே வந்த ஐ5-8250யூவில் நான்கு கோர். பல வேலைகளை ஒன்றாகச் செய்யும்போது பின்னால் வந்த ஐ5 முன்னால் வந்த ஐ7-ஐத் தாண்டிப் போய்விடும். ஆகவே ஸ்டிக்கரில் உள்ள 7, 5-ஐப் பார்க்காதீர்கள். அதற்கு அடுத்த சின்னக் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாம் தலைமுறை, 1135 என்று தொடங்கினால் பதினொன்றாம் தலைமுறை. இன்டெல் பல ஆண்டுகளாக இப்படித்தான் பெயர் வைத்து வந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே விற்பவர் உங்களிடம் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்.

புதிய நடுத்தர லேப்டாப், டேப்லெட், ஆப்பிள் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: "சின்னதாக, புதுசாக, மலிவாக" என்று தேடிப் போனால் 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பும் போட்ட மெஷின்கள் கண்ணில் படும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ரேம், சேமிப்பு இரண்டுமே பெரும்பாலும் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பின்னால் கூட்டவே முடியாது. விண்டோஸ் அப்டேட் இரண்டு வந்தால் இடம் போதவில்லை என்று அழும். 2007-இல் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி, 7 அங்குலத் திரையோடு ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையில் வந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. அதிலிருந்து, சின்ன லேப்டாப் என்றால் மட்டமான லேப்டாப் என்ற எண்ணமும் பலருக்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த மலிவு வரிசை அந்தப் பெயரைக் காப்பாற்றித்தான் வருகிறது.

நான் சொல்ல வந்தது வேறு வரிசை. பெரிய கம்பெனிகளின் ஊழியர்கள் மூன்று நான்கு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த லேப்டாப்கள். இவற்றைத் துடைத்து, சோதித்து, தேவையானதை மாற்றி 'ரீஃபர்பிஷ்ட்' என்று விற்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் என்றதும் அம்மா முகம் சுருங்கியது. பிள்ளைக்குப் பழசா என்பது அவர் கவலை. ஆனால் இது வீட்டில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்பதைப் போன்றதல்ல. கம்பெனி லேப்டாப்பைச் செய்யும்போதே தயாரிப்பாளர் வேறு மாதிரி செய்கிறார். ஆயிரக்கணக்கில் வாங்குகிற வாடிக்கையாளர், ஒன்று பழுதானாலும் சட்டென்று பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அதனால் கீல் கெட்டியாக இருக்கும். கீபோர்டில் தண்ணீர் கொஞ்சம் சிந்தினாலும் தாங்கும்படி பல மாடல்களில் ஏற்பாடு இருக்கும். அடித்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேட்டரி, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான பாகம்) எல்லாம் கைக்கு எட்டும். எதை எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டையும் தயாரிப்பாளர்களே இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள்.

மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும்: லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக். திங்க்பேட் 1992-இல் ஐபிஎம் தொடங்கிய வரிசை, 2005-இல் லெனோவோ கைக்கு வந்தது. கருப்புப் பெட்டி, கீபோர்டு நடுவில் ஒரு சிவப்புக் குமிழ். பார்க்க மந்தமாக இருக்கும். நாள் முழுக்க டைப் செய்கிறவர்களைக் கேட்டால் அந்தக் கீபோர்டுக்காகவே வாங்கியதாகச் சொல்வார்கள். எழுத்தே வேலையாக இருக்கப்போகும் பெண்ணுக்கு இதைவிட முக்கியமான பாகம் எது?

கையடக்கமாக வேண்டும் என்றால் லேட்டிட்யூட் 7290, திங்க்பேட் எக்ஸ்280 இரண்டும் 12.5 அங்குலம். எலைட்புக் 830 ஜி5 என்றால் 13.3 அங்குலம். எல்லாமே ஒன்றேகால் கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். எக்ஸ்280-இல் ரேம் போர்டோடு ஒட்டியது, வாங்கும்போதே எவ்வளவு இருக்கிறதோ அதுதான் கடைசி வரை. கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை என்றால் 14 அங்குல திங்க்பேட் டி480 எனக்குப் பிடித்தது. அதில் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, இன்னொன்று பின்னால் கழற்றி மாட்டும்படி. உள்ளே இருப்பதில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் உள்ளதை மாற்றிவிடலாம், அணைக்கக்கூட வேண்டாம். ரேம் போட இரண்டு இடம் இருக்கிறது. இப்போது 8 ஜிபியில் வாங்கி, இரண்டாம் வருஷம் கையில் காசு இருக்கும்போது இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். சார்ஜரும் யூஎஸ்பி-சிதான். தொலைந்தால் போதுமான வாட் உள்ள வேறொரு யூஎஸ்பி-சி சார்ஜர் வாங்கிக்கொள்ளலாம்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவே போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ அனுமதி. ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது இன்னும் மலிவாக வருவது இதனால்தான், அந்த மலிவில் விழ வேண்டாம். பட்ஜெட் இடம் கொடுத்தால் பத்து, பதினொன்றாம் தலைமுறைக்கே போங்கள். ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம். சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், 256 ஜிபி போதும். திரை விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கம்பெனிகள் செலவைக் குறைக்க 1366-க்கு 768 புள்ளிகள் மட்டுமே உள்ள, தெளிவு குறைந்த திரை போட்டே நிறைய வாங்கினார்கள். ஸ்கேன் பிரதியில் பொடி எழுத்து படிக்கிற பெண்ணுக்கு 1920-க்கு 1080 இல்லாமல் சரிப்படாது. அது இருந்தாலும் இந்த மெஷின்களின் திரை பொதுவாகக் கொஞ்சம் மங்கல்தான். வெயிலில் உட்கார்ந்து படிக்க முடியாது.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வாங்கி இரண்டு மாதம் அருமையாக ஓடிய ஒரு மெஷினை, ஏதோ கோளாறு என்று முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். இணையத்தில் இணைத்ததும், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, அலுவலகக் கணக்கில் உள்ளே வா என்றது. பழைய கம்பெனி அந்த மெஷினைத் தன் பட்டியலிலிருந்து நீக்காமலே விற்றிருக்கிறது. விற்றவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து, பணம் கொடுக்கும் முன் என் கண் முன்னாலேயே ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, சாதாரண ஆளாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை அமைப்புகளுக்குள், போகும்போது பாஸ்வேர்டு கேட்டாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே ஒரு ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. விற்பவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக சார்ஜ் ஆனால் எவ்வளவு என்று இரண்டு எண் வரும். முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு விசையையும் தட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பதற்கு வெட்கப்படாதீர்கள். மேல்மூடியில் கீறல் இருந்தால் இருக்கட்டும், விலை குறையும்.

பணத்தைப் பற்றி இனி ஒன்றும் சுற்றி வளைக்கப் போவதில்லை. லேப்டாப்புக்குத் தவணை கூடாது. கல்விக் கடனோடு சேர்த்துவிடலாம் என்பதும் கூடாது. படிப்பு முடிகிற நேரத்தில் பேட்டரி தேய்ந்திருக்கும், கடனும் வட்டியும் அப்படியே நிற்கும். மாமா எழுதியதன் விலையில் பாதிக்கும் கீழேதான் இந்த மெஷின் வரும். மிச்சத்தில் முதலில் ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்குங்கள். வாரம் ஒருமுறை அவள் எழுதியதும் பதிவு செய்ததும் அதில் போக வேண்டும். தொலைந்த லேப்டாப்பைத் திரும்ப வாங்கலாம். எண்பது வயதுக்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசிய பதிவை எங்கே போய் வாங்குவது? மீதியைப் பேட்டரிக்கென்று ஒதுக்கி வையுங்கள், இரண்டு வருஷத்தில் தேவைப்படும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பிக்கு என்ன பதில் சொல்வேன் சார்? கோபித்துக்கொள்வானே."

அவரை விலக்க வேண்டாம் என்றேன். ரீசெட், பயாஸ், பேட்டரி ரிப்போர்ட் எல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எந்த மெஷின் என்பதை மகள் முடிவு செய்யட்டும், அது சுத்தமான மெஷினா என்று சோதிக்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். வாங்கப் போகும்போது கூட வரச் சொல்லுங்கள், கையோடு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் எடுத்து வரட்டும்.