டயரை வீட்டிலேயே மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் ஸ்போக் சக்கரமும் டியூபும் கொண்ட 350 சி.சி. வண்டி இருக்கிறது. பின் டயரின் பட்டன் நடுவில் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. இப்போதுள்ள 110/90-18 டயருக்குப் பதிலாக 120/90-18 போட்டால் பிடிப்பு கூடும், பார்வைக்கும் கம்பீரமாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: பழைய அளவிலேயே வாங்குங்கள். அந்த எண்களில் 110 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இப்போது உங்கள் டயரின் பக்கச்சுவர் 99 மி.மீ. உயரம். 120/90 போட்டால் அது 108 மி.மீ. ஆகிவிடும், அதாவது சக்கரத்தின் மொத்த விட்டம் 18 மி.மீ. கூடும். செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசக்கூடும் என்பது ஒரு பக்கம் இருக்க, ரிம்மின் அகலம் மாறாததால் அகன்ற டயரின் இரு ஓரங்களும் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி மேலும் வளைந்து நிற்கும். ஆகவே, நீங்கள் எதிர்பார்க்கும் கூடுதல் பிடிப்பு கிடைப்பது அரிது. வளைவுகளில் வண்டியைச் சாய்ப்பதும் கனமாகத் தெரியும்.

அளவுக்கு அடுத்து 61பி (61P) என்பது போன்ற ஒரு குறி இருக்கும். 61 என்றால் அந்த டயர் 257 கிலோ வரை தாங்கும், பி என்றால் மணிக்கு 150 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்று பொருள். பழைய டயரில் உள்ள குறியைவிடக் குறைவானதை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். பிறகு பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடிப் படியுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பதால், ஓராண்டுக்குள் தயாரானதையே கேட்டு வாங்குவது என் வழக்கம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்கத் தயங்க வேண்டாம். எந்த நிறுவனம் என்பதை நான் இதற்குப் பின்புதான் பார்ப்பேன். எம்.ஆர்.எஃப்., சியட், மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் என நல்ல டயர்கள் நம்மூரிலேயே கிடைக்கின்றன. டயரோடு புது டியூபும், ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப்பும் வாங்கிவிடுங்கள். பழைய டியூப் ஏற்கெனவே விரிந்து போயிருக்கும். புது டயருக்குள் அது மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே ஓட்டையாகும்.

கேள்வி: டயரை நானே மாற்ற விரும்புகிறேன். ஒருமுறை முயன்றபோது டயரை நெம்பும் லிவர் பட்டு டியூப் கிழிந்துவிட்டது. எங்கே தவறு நடக்கிறது?
(அதே வாசகர்)

பதில்: பெரும்பாலும் பலத்தை நம்புவதால்தான் டியூப் கிழிகிறது. ரிம்மை உற்றுப் பாருங்கள்: இரண்டு ஓரங்களைவிட நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். டயரின் விளிம்புக்குள் கம்பி ஓடுவதால் அது நீளாது. ஒரு பக்கத்து விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால்தான் எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்மின் ஓரத்தைத் தாண்டி வருவதற்கு இடம் கிடைக்கும். இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சக்கரத்தைக் கழற்றும் முன் ஆக்சிலின் இருபுறமும் எந்த வாஷர், எந்த ஸ்பேசர் எங்கே இருக்கிறது என்பதைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை முழுவதும் இறக்கி, மவுத்தின் (காற்றடிக்கும் வால்வின்) உள்ளூசியையும் கழற்றிவிட்டு, டயரின் இரு விளிம்புகளையும் சுற்றிலும் மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; கிரீஸும் எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது. மவுத்துக்கு எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டு, மவுத் அருகிலிருந்து லிவரால் சிறிது சிறிதாக நெம்பி வெளியே எடுங்கள்.

புது டயரின் பக்கச்சுவரில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அதை மவுத்துக்கு நேராக வையுங்கள். டயரின் எடை குறைந்த இடம் அது. முதல் விளிம்பு உள்ளே போனதும், டியூபுக்கு உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, முகப்பவுடர் தூவி உள்ளே வைத்து, மவுத்தின் நட்டை இரண்டு மூன்று மரை மட்டும் திருகிவிடுங்கள். இரண்டாவது விளிம்பை மவுத்துக்கு எதிரே தொடங்கி, இருபுறமுமாக ஏற்றிக்கொண்டு வந்து மவுத் அருகே முடியுங்கள். கடைசி ஒரு சாண் நீளம் இறுகி நிற்கும். பலரும் நீளமான லிவரைத் தேடுவதும், டியூபைக் கிழிப்பதும் இந்த இடத்தில்தான். அங்கே கையை நிறுத்திவிட்டு, முதலில் ஏற்றிய எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டதா என்று பார்த்து, மறுபடி முழங்காலால் அழுத்துங்கள். இறுக்கம் உடனே தளரும். லிவரை நுழைக்கும்போது அதன் முனையில் உலோகம் தட்டுப்படாமல் மெத்தென்று ஏதாவது தட்டினால் அது டியூப். வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள். முடித்ததும் கட்டை விரலால் மவுத்தை உள்ளே தள்ளிப் பாருங்கள். தடையின்றிப் போய்த் திரும்பினால் விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கவில்லை.

பிறகு காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடியுங்கள். டியூபின் மடிப்புகள் நீங்கிவிடும். ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் சமதூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் விளிம்பு சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள். சக்கரத்தை வண்டியில் மாட்டும்போது செயினை இறுக்கும் அட்ஜஸ்டரின் இருபுறக் குறிகளும் ஒத்திருக்கின்றனவா, பிரேக் ராடு பழைய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் நட்டை மட்டும், உங்களிடம் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லையென்றால், மெக்கானிக்கிடம் கொடுத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: புது டயர் போட்ட அன்றே, ஈரம் எதுவும் இல்லாத வளைவில் வண்டி லேசாக வழுக்கியது. டயரில் குறையா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. அச்சிலிருந்து வந்த டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். சாலையில் உரசிச் சொரசொரப்பான பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். அதுவரை, அதாவது முதல் 100 முதல் 150 கி.மீ. வரை, திடீர் பிரேக்கும் ஆழ்ந்த சாய்வும் வேண்டாம், மலைப்பாதையைத் தள்ளிப்போடுங்கள். வழவழப்பை நீக்குவதாக நினைத்துப் பெட்ரோலால் துடைக்கக் கூடாது. நேரான, ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய் முதலில் பின் பிரேக்கை மட்டும், பிறகு முன் பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், புறப்படும் முன் பிரேக் லிவரை நான்கைந்து முறை அழுத்தி அது கெட்டிப்பதை உறுதி செய்யுங்கள். இதை மறந்து கிளம்பினால் முதல் பிரேக்கில் வண்டி நிற்காது.

தேய்ந்து தட்டையான டயருக்குப் பழகிய கைக்கு, உருண்ட புது டயர் சட்டென்று சாய்வதுபோலத் தோன்றும், அது இயல்பானது. ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி சீராக அதிர்ந்தால் முன்பு சொன்ன, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டையும் ஸ்போக்குகளின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில், ஓட்டுவதற்கு முன் காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள். ஓரிரவில் நன்றாகக் குறைந்திருந்தால் டியூபில் எங்கோ கீறல் இருக்கிறது.

கேள்வி: அலாய் சக்கரத்தில் உள்ள டியூப்லெஸ் டயரையும் இதே முறையில் வீட்டில் மாற்றலாமா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். டியூப்லெஸ் டயரில் காற்றை அடைத்து வைப்பதே விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையிலான பிடிமானம்தான். லிவரால் ரிம்மின் உள் ஓரத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். தவிர, விளிம்பை உட்கார வைக்கக் காற்று வேகமாகப் பாய வேண்டும். கைப்பம்பால் பெரும்பாலும் முடியாது. சக்கரத்தை மட்டும் வீட்டில் கழற்றி, டயர் மாற்றும் இயந்திரம் உள்ள கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். டயரோடு வால்வையும் மாற்றி, சக்கரத்தைப் பேலன்ஸ் செய்து தரச் சொல்லுங்கள்.