பனிக்காட்டுக் குடிலுக்கு நாயை அழைத்துப் போகலாமா?

கேள்வி: எங்களிடம் நான்கு வயது லாப்ரடார் இருக்கிறான், எடை 30 கிலோ. இந்தக் குளிர்காலத்தில் குடும்பத்தோடு நான்கு இரவுகள் ஒரு காட்டுக் குடிலில் தங்கப் போகிறோம். சாலை முடியும் இடத்திலிருந்து பனி ஸ்கூட்டர் இழுக்கும் சறுக்குவண்டியில் ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். மின்சாரம் இல்லை, விறகடுப்புதான். குளிரை அவன் தாங்குவானா? கோட்டு வாங்க வேண்டுமா? வண்டிச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க மயக்க மாத்திரை தருவதாகப் பயண ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். இதற்குப் பரவலாகப் புழங்கும் அசிப்ரோமசின் போன்ற மாத்திரைகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். உடம்பின் சூடு தோலுக்கு வந்து காற்றோடு போய்விடும். சூட்டைக் கட்டிக் காக்கும் திறனும் மந்தமாகும். வெயில் காலத்தில் காருக்குள் கொடுப்பதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்; உறைபனியில், திறந்த வண்டியில், எதிர்காற்றில் கொடுப்பது தெரிந்தே செய்யும் தவறு. அவனை ஒரு கூண்டுக்குள் விட்டு, அடியில் தடித்த விரிப்புப் போட்டு, காற்று வரும் பக்கத்தை மூடிவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஓர் ஏஜென்ட் எந்த உரிமையில் மாத்திரை கொடுக்கிறார் என்று அவரையே கேளுங்கள். நானும் கேட்க ஆசைப்படுகிறேன்.

குளிர் விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. லாப்ரடாருக்கு அடிமயிர் அடர்த்தி, மேல்மயிரில் எண்ணெய்ப் பசை. காய்ந்த உடம்போடு, ஓடிக்கொண்டிருக்கும் வரை அவன் உங்களைவிட நன்றாகவே தாங்குவான். அவனை வீழ்த்துபவை ஈரமும் காற்றும். சுழியத்துக்குக் கீழே 7 டிகிரிக்கு மேல் குளிர் இறங்கினால் வெளியே இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். கால்களை மாற்றி மாற்றித் தூக்குகிறானா, நடக்க மறுத்துச் சுருண்டு கொள்கிறானா, உடனே உள்ளே கொண்டு போங்கள். நடுக்கம் நல்ல அறிகுறி இல்லைதான்; ஆனால் நடுங்கிக்கொண்டிருந்த நாய் சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது அதைவிட மோசம். இரவில் அவன் குடிலுக்குள்தான் படுக்க வேண்டும். இதில் பேச்சே இல்லை. விரலிடுக்கில் பனிக்கட்டி உருண்டை கட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் வெதுவெதுப்பான நீரில் கரைத்துவிடுங்கள். காது நுனியோ வால் நுனியோ வெளிறி விறைத்திருந்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்து நிச்சயமாகத் தேய்க்காதீர்கள். தீவனத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பனியைத் தின்கிறானே, தண்ணீர் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். தின்ற பனியை உருக்கவும் அவன் உடம்புச் சூடுதான் செலவாகிறது. பந்தயச் சறுக்குவண்டி நாய்கள் பனியிலேயே தூங்குகின்றனவே என்று யாராவது சொன்னால், அவை நாளுக்குச் சுமார் 10,000 கலோரி தின்பவை என்று பதில் சொல்லுங்கள்.

குளிர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் கடிதம் எழுதினீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்தது வேறொன்று: மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் மரக்குடில். ஆளில்லாத குடிலில் எலி குடியேறும். எலி வந்தால் உரிமையாளர் எலி மருந்து வைப்பார். எங்கே வைப்பார்? அடுப்புக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், விறகு அடுக்கின் இடுக்கில். அதாவது, உங்கள் கண் எட்டாத, உங்கள் லாப்ரடாரின் மூக்கு எட்டும் இடங்களில்.

என் அனுபவம் ஒன்று. ஒரு குளிர்கால மாலையில் ஸ்பேனியல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடிலிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. இருமல், சோர்வு. பனியில் விளையாடியதால் சளி பிடித்துவிட்டது என்று வீட்டிலேயே முடிவு செய்து, தேன் வேறு கொடுத்திருந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். பஞ்சு நனைந்தது. மாற்றினேன். அதுவும் நனைந்தது. நான்காவது பஞ்சை எடுக்கும்போது வீட்டுப் பெண் குழந்தை, "அடுப்புக்குப் பின்னாடி சாஸரில் நீலமாக எதையோ தின்றது" என்றாள். குடிலை ஏற்பாடு செய்தவர்களுக்குப் போன் போட்டோம். "அது எலிக்கு வைத்தது சார், நாயை ஒன்றும் செய்யாது" என்றார் எடுத்தவர். மருந்தின் பெயரைக் கேட்டேன். மறுநாள் மதியம்தான் பெயர் வந்தது. அதற்குள் ரத்தம் ஏற்றி, வைட்டமின் கே1 தொடங்கியிருந்தோம். நாய் பிழைத்தது. நான்கு வாரம் தினமும் மாத்திரை.

இந்த வகை மருந்துகள் — ப்ரோடிஃபாகூம், ப்ரோமாடியோலோன் போன்றவை — ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே சுழற்சியைத் தடுக்கின்றன. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் உறையும் பொருள்கள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பொதுவாக மூன்று முதல் ஏழு நாளில்தான் ரத்தக்கசிவு தொடங்கும். உங்கள் கணக்கைப் பாருங்கள்: நான்கு இரவு. முதல் நாள் தின்றால், கடைசி நாள்வரை வாலாட்டிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பான். வீட்டுக்கு வந்த பிறகு படுத்துவிடுவான். அப்போது யாருக்கு அடுப்பு நினைவிருக்கும்?

எல்லா எலி மருந்துக்கும் வைட்டமின் கே பலிக்காது என்பது அடுத்த சிக்கல். ப்ரோமெதாலின் என்று ஒன்று; மூளையையும் நரம்பையும் தாக்கும், மாற்று மருந்தே இல்லை. கோலிகால்சிஃபெரால் என்று இன்னொன்று. ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றும் கேக் துண்டு மாதிரி, பச்சையிலோ நீலத்திலோ, பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். நிறத்தை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. உறையில் உள்ள மூலப்பொருளின் பெயர் வேண்டும். அந்தப் பெயரைத்தான் உற்பத்தியாளர்கள் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். எலிப் படம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும்.

ஆகவே முன்பதிவு செய்யும்போதே உரிமையாளரிடம் கேளுங்கள். ஏஜென்டிடம் இல்லை, உரிமையாளரிடம். எலி மருந்து வைத்திருக்கிறீர்களா, எங்கே, உறையின் புகைப்படம் அனுப்புவீர்களா? பதில் எழுத்தில் வர வேண்டும். "நாய்களுக்கு உகந்த குடில்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். நான் பார்த்தவரை அதற்கு ஒரே பொருள், நாய்க்கென்று தனிக் கட்டணம் வாங்குவார்கள் என்பதுதான். சோபாவில் நாய் ஏறக்கூடாது, மெத்தையில் மயிர் ஒட்டக்கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு விதி அச்சிடுகிறவர்களுக்கு, மருந்து எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கை வருவதில்லை. என் பங்குக்கும் குறை உண்டு. பயணச் சான்றிதழ் என்று நாங்கள் கையெழுத்துப் போடும் தாளில் தடுப்பூசித் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, மயிரின் நிறம்கூட இருக்கிறது. போய்ச் சேரும் இடத்தில் என்ன காத்திருக்கிறது என்று கேட்கும் கட்டம் இல்லை.

இரண்டாவது பொறி, கழிப்பறைக் கோப்பை. சிரிக்காதீர்கள். குளிர்காலத்தில் குடிலைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், குழாய் வெடிக்காமல் இருக்க, கழிப்பறையிலும் தொட்டியின் வளைகுழாயிலும் உறைதடுப்புத் திரவம் ஊற்றிவிட்டுப் போவார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் வகை பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும். கிலோவுக்கு நான்கரை முதல் ஆறரை மில்லி போனால் நாய் சாகும். உங்களுடைய 30 கிலோ நாய்க்கு ஒரு தம்ளர் நிறைய வேண்டாம். குடித்த சில மணி நேரத்தில் குடிகாரன் போலத் தள்ளாடும், தாகம் எடுக்கும், வாந்தி வரும். பிறகு தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தத் தெளிவைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்தான் அதிகம்; சிறுநீரகம் செயலிழப்பது அதற்குப் பிறகு. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தை 8 முதல் 12 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஒன்பது கிலோமீட்டர் பனியையும், அதற்கப்பால் உள்ள சாலையையும், இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியையும் இந்த நேரத்துக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாராயம் இதற்கு மாற்று என்று எங்கோ படித்துவிட்டு வாயில் ஊற்றாதீர்கள். அதை அளந்து, நரம்பு வழியாக, கண்காணித்துக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலும் கொடுக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும்.

இங்கே உரிமையாளர் ஒரு பதில் வைத்திருப்பார்: "நாங்கள் ஊற்றுவது இளஞ்சிவப்புத் திரவம், அது பாதுகாப்பானது." அவர் சொல்வதில் பாதி உண்மை. குழாய்களுக்கென்றே விற்கும் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைகால், பெரும்பாலும் இளஞ்சிவப்பு, எத்திலீனைவிட நஞ்சு மிகக் குறைவு. மனித உணவிலேயே சிறிதளவு சேர்க்கிறார்கள். சரி. ஆனால் இளஞ்சிவப்பு என்பது சாயம். எந்தத் திரவத்துக்கு எந்தச் சாயம் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி கிடையாது. காருக்கு ஊற்றும் திரவமும் இளஞ்சிவப்பில் வருகிறது. கேன் பாதியில் தீர்ந்துபோனால், கார் கொட்டகையில் மிஞ்சியிருந்ததை ஊற்றி நிரப்பும் மனிதர் உலகத்தில் இல்லையா? இன்னும் கேளுங்கள். புரோப்பிலீனும் நிறைய உள்ளே போனால் நாய் அதே மாதிரிதான் தள்ளாடும். எத்திலீன் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இருக்கும் விரைவுப் பரிசோதனைகளில் சில, புரோப்பிலீனுக்கும் 'இருக்கிறது' என்றே காட்டும். ஆக, தள்ளாடுகிற நாயும் காட்டுகிற சோதனையும் உங்கள் டாக்டருக்கு வழி சொல்லாது. மறுபடியும் அந்தக் கேனில் ஒட்டிய சீட்டுதான் சொல்ல வேண்டும். கசப்புச் சேர்த்திருக்கிறது, நாய் குடிக்காது என்றும் சொல்வார்கள். என்னிடம் வந்த லாப்ரடார்கள் தின்றவற்றைப் பட்டியல் போட்டால் கசப்பு ஒரு தடை என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எனவே குடிலில் இறங்கியதும் நாயை வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே போய், மண்டியிட்டு, நாயின் உயரத்திலிருந்து பார்க்கட்டும். அடுப்பின் பின்புறம், கட்டிலடி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. கண்டதைக் கையுறையோடு எடுத்து டப்பாவில் அடைத்து, பூட்டும் இடத்தில் வையுங்கள். எறிந்துவிட வேண்டாம், பெயர் தேவைப்படும். கழிப்பறை மூடியை மூடி மேலே ஒரு விறகுக்கட்டையை வையுங்கள். வேலை முடிய இருபது நிமிடம். பிள்ளைகள் குளிர்கிறது என்று சிணுங்குவார்கள், சிணுங்கட்டும்.

அடுப்பைப் பற்றி இரண்டு வரி: பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கொண்டு போங்கள். நாய் குரைத்து எழுப்பிவிடும் என்ற கதையை நம்பாதீர்கள், அதுவும் உங்களோடு சேர்ந்து மயங்கிவிடும். உறைந்த ஏரி பக்கத்தில் இருந்தால் கயிற்றோடுதான் நடை. பனி உடைந்து அவன் விழுந்தால் பின்னால் நீங்கள் இறங்கக்கூடாது.

திரும்பி வந்த பிறகு பத்து நாள், காலையில் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். அவன் எதையாவது தின்றிருப்பான் என்ற சந்தேகம் ஊசிமுனை அளவு இருந்தாலும் ஈறு வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே போன் செய்து டாக்டரைக் கேளுங்கள். ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிப்பதை 48 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே சோதித்தால் இயல்பாகத்தான் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

கோட்டைக் கேட்டிருந்தீர்கள். நடக்கும்போது தேவையில்லை, சறுக்குவண்டியில் உட்கார்ந்திருக்கும்போது தேவை. வயிறும் மார்பும் மூடுவதாக வாங்குங்கள். கடையில் தொங்கும் பாதி கோட்டுகள் முதுகை மட்டும் மூடுகின்றன. நனைந்துவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். நிறம் ஆரஞ்சாக இருக்கட்டும், வேட்டைக்காரர்கள் நடமாடும் காலம்.