மோட்டார்ஹோம் பயணத்துக்கு எந்த சாட்நாவ்? கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்குகிறது. மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, சமையல் வசதி உள்ள வீட்டு வண்டியில், பிரிட்டனுக்குள் சுற்றப் போகிறவர்களும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகிறவர்களும் சாட்நாவ் என்ற வழிகாட்டிக் கருவி பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய வண்டி ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

ஹாரோவிலிருந்து: அண்ணா, போனில் கூகுள் மேப்ஸ் சும்மா கிடைக்கிறது. நானூறு பவுண்ட் கொடுத்துத் தனிக் கருவி வாங்கத்தான் வேண்டுமா?

வண்டியைப் பொறுத்தது தம்பி. கூகுள் மேப்ஸ் உங்கள் வண்டியின் உயரம், அகலம், எடை எதையும் கேட்பதில்லை. சின்னக் காருக்குச் சொல்கிற வழியைத்தான் ஏழு மீட்டர் வண்டிக்கும் சொல்லும். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஸ்டோனியா சாலையில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அதன் அடியில் உயரம் வெறும் 2 மீட்டர். உயரமான வண்டிகள் கடக்கப் பக்கத்திலேயே லெவல் கிராசிங் உண்டு. அப்படியிருந்தும் நாட்டில் அதிகம் இடிபட்ட பாலங்களில் அதுவும் ஒன்று. கார் போகிற வழி வேறு, நம் வண்டி போகிற வழி வேறு.

உங்களுடையது டுக்காட்டோ போன்ற வேனை மாற்றிக் கட்டியது என்றால் தனிக் கருவி அவசியமில்லை. வண்டியின் அளவைக் கேட்டு வழி போடுகிற கோபைலட், சிஜிக் போன்ற செயலிகளுக்குச் சந்தா கட்டினால் போதும். பெட்டி கட்டிய வண்டி, கூரை 3 மீட்டரைத் தொடுகிறது, அகலம் 2.3 மீட்டர் என்றால் தனிக் கருவியே வாங்குங்கள். வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும், நடுவில் அழைப்பு வரும். தெரியாத ஊரின் ரவுண்டபவுட்டில் அந்தத் தொல்லை வேண்டாம்.

க்ராய்டனிலிருந்து: உயரம், அகலம், எடை எல்லாம் கேட்கிறது. விற்பனைக் கையேட்டில் உள்ளதைப் போட்டால் போதாதா?

போதாது. எந்தக் கருவி வாங்கினாலும் பலன் இந்த மூன்று நான்கு எண்களைப் பொறுத்ததுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையேட்டு உயரம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வண்டிக்கு உரியது. அதன் பிறகு கூரையில் ஏசி ஏறியிருக்கும், டிவி ஆன்டெனா ஏறியிருக்கும், சோலார் பலகை ஏறியிருக்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபாருங்கள். சாமான் ஏற்றாமல் அளந்தால் நல்லது, காலி வண்டி சற்று உயர்ந்து நிற்கும். ஏணியில் ஏறி, கூரையின் மிக உயர்ந்த பொருளின் மேல் நீளமான நேர்ப்பலகையைக் கிடையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இன்னொருவர் பலகையின் நுனியிலிருந்து தரைவரை டேப்பை இறக்கட்டும். வருகிற எண்ணோடு 5 முதல் 10 செ.மீ. கூட்டிக் கருவியில் போடுங்கள்.

அதே எண்ணை மீட்டரிலும் அடி-அங்குலத்திலும் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். பிரிட்டனில் பாலப் பலகைகளில் அடி-அங்குலம், கால்வாய்க்கு அந்தப் பக்கம் மீட்டர். 3.05 மீட்டர் என்றால் 10 அடி. பலகையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே கணக்குப் போட நேரம் கிடைக்காது.

அகலத்தைப் பக்கக் கண்ணாடியோடு சேர்த்து அளக்க வேண்டும். ஜெர்மனியில் ஆட்டோபானில் வேலை நடக்கும் இடங்களில் இடது லேனுக்கு 2 மீட்டர் சொச்சம் என்று அகல வரம்பு போட்டிருப்பார்கள். அதில் கண்ணாடியும் அடக்கம், எனவே நமக்கு வலது லேன்தான். எடைக்கு, வண்டியின் தகட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அனுமதி எடையைப் போடுங்கள். நீளத்தில் பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டை மறந்துவிடாதீர்கள்.

பிரான்சில் இந்த எண்கள் பணத்தையும் தொடுகின்றன. அங்கே டோலில் 2 மீட்டருக்கு மேல், 3 மீட்டருக்குக் கீழ், 3.5 டன்னுக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரைத் தொட்டாலோ 3.5 டன்னைத் தாண்டினாலோ மூன்றாம் வகுப்பு. 2.95 மீட்டர் வண்டியில் பத்து செ.மீ. ஏசி ஏற்றினால் அடுத்த வகுப்புக்குப் போய்விடலாம்.

லெஸ்டரிலிருந்து: கார்மினா, டாம்டாமா? ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா.

இரண்டு நிறுவனங்களும் மோட்டார்ஹோமுக்கென்றே கருவி செய்கின்றன. கார்மினில் கேம்பர் வரிசை, டாம்டாமில் கோ கேம்பர் வரிசை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் கிராமம், மலை, வண்டியோடு தங்கும் முகாம் என்று அலைபவருக்கு கார்மின். செங்குத்தான இறக்கம், கூர்மையான வளைவு வருவதை முன்கூட்டியே சொல்வது மலைப்பாதையில் பெரிய உதவி. நகரங்களைச் சுற்றி நெரிசலில் அதிகம் ஓட்டுபவருக்கு டாம்டாம். அதன் போக்குவரத்துத் தகவல்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அதைவிட முக்கியம் திரை. முன்கண்ணாடி முழு அகலத்துக்கு வரும் ஏ-கிளாஸ் வண்டிகளில் கண்ணாடி எட்டிப் போய் நிற்கும், அதில் ஒட்டினால் கை எட்டாது. டாஷ்போர்டில் ஊன்றும் தாங்கியும் பெரிய திரையும் வேண்டும். சாதாரண வேனுக்கு 7 அங்குலம் தாராளம்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால், அந்த மாடலுக்கு இன்னும் வரைபடப் புதுப்பிப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஸ்லவிலிருந்து: லாரி ஓட்டும் நண்பரிடம் லாரி சாட்நாவ் இருக்கிறது. அதையே வாங்கிக்கொள்ளட்டுமா?

வேண்டாம். சரக்கு வண்டிக்கு மட்டும் தடை போட்ட சாலைகள் ஏராளம். மோட்டார்ஹோம் சரக்கு வண்டி அல்ல, அந்தச் சாலைகளில் நமக்கு அனுமதி உண்டு. லாரிக் கருவி அது தெரியாமல் சுற்றி அனுப்பும். அதில் முகாம்களும் இருக்காது.

எடின்பரோவிலிருந்து: வாடகை மோட்டார்ஹோமில் நார்த் கோஸ்ட் 500 என்ற ஸ்காட்லாந்து வடகரைச் சுற்றுப்பாதையில் போகிறோம், ஒரு வாரம்தான். என்ன செய்யலாம்?

ஒரு வாரத்துக்குத் தனிக் கருவி தேவையில்லை தங்கச்சி. வாடகைக்காரரிடம் வண்டியின் அளவைக் கேட்டு வாங்கி, அளவு கேட்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டு, ஸ்காட்லாந்து வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஹைலாண்ட்ஸில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

ஒரு சாலையை மட்டும் பெயர் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பீலாக் நா பா. கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்கு, கொண்டை ஊசி வளைவுகளில், ஒற்றை லேனில் ஏறுகிறது. மிகப் பெரிய வண்டிகளும் கேரவன்களும் போக வேண்டாம் என்று தொடக்கத்திலேயே பலகை உண்டு. அங்கே இடிக்கப் பாலம் எதுவும் இல்லை. அதனால் உயரத்தை மட்டும் பார்க்கும் கருவி தயங்காமல் அனுப்பிவிடும். ஆப்பிள்கிராஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஷீல்டெய்கிலிருந்து வரும் கடற்கரைச் சாலையில் போங்கள். அதுவும் குறுகல்தான், ஆனால் அந்த ஏற்றம் இல்லை. ஒதுங்குமிடங்களில் நின்று பின்னால் வருபவர்களுக்கு வழி விடுங்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து: முகாமின் போஸ்ட்கோடைப் போட்டால் யாரோ ஒருவரின் பண்ணை வாசலில் கொண்டு நிறுத்துகிறது. ஏன்?

நாட்டுப்புறத்தில் ஒரு போஸ்ட்கோட் பரந்த இடத்தை அடக்கியிருக்கும். ஆள்கூறு போடுங்கள், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். அதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, பாகையும் (டிகிரி) கலையும் (மினிட்). முகாமின் பக்கத்தில் 51° 30′ என்று இருப்பதைச் சிலர் 51.30 என்று அடித்துவிடுகிறார்கள். 30 கலை என்றால் அரைப் பாகை, 51.5 என்று போட வேண்டும். 51.30 என்று போட்டால் இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் நிற்பீர்கள்.

இரண்டு, கழித்தல் குறி. பிரிட்டனின் பெரும்பகுதியும் போர்ச்சுகல் முழுவதும் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவை. தீர்க்கரேகைக்கு முன்னால் அந்தக் குறி விட்டுப்போனால் கார்ன்வால் முகாம் பெல்ஜியப் பக்கம் போய் விழும். எண்ணைப் போட்டதும் வரைபடத்தைப் பெரிதாக்கி, வாசல் எந்தச் சாலையில் திறக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: பிரான்சில் டோல் இல்லாத வழியை மட்டும் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

பல இடங்களில் நல்ல மிச்சம்தான். ஆனால் டோலைத் தவிர்க்கும் பொத்தானைப் பயணம் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். க்ளெர்மோ-ஃபெராங்கிலிருந்து தெற்கே பெஸியே வரை போகும் ஏ75 நெடுஞ்சாலை கிட்டத்தட்ட முழுவதும் இலவசம். 2004-இல் திறந்த மீயோ பாலத்துக்கு மட்டும்தான் கட்டணம். பொத்தான் போட்டிருந்தால் அந்த ஒரு கட்டணத்தைத் தவிர்க்க நெடுஞ்சாலையை விட்டு இறக்கி, பள்ளத்தாக்கில் இருக்கும் ஊருக்குள் விட்டு, மறுபடி மலையேற்றும். கோடையில் அந்த ஊருக்குள் நிற்கிற நேரத்துக்கும் எரிகிற டீசலுக்கும் பாலக் கட்டணமே மேல். நாளுக்கு நாள், பகுதிக்குப் பகுதி பார்த்துப் போடுங்கள். ‘மிகக் குறுகிய தூரம்’ என்ற தேர்வைத் தொடவே வேண்டாம். டெவன் ஆனாலும் பிரிட்டனி ஆனாலும் வேலிச் சந்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

லூட்டனிலிருந்து: சாட்நாவ் தரும் வேகக் கேமரா எச்சரிக்கை ஐரோப்பாவில் சட்டவிரோதம் என்கிறார்களே?

நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் 2012 முதல் கேமரா இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவிக்குத் தடை, ‘ஆபத்துப் பகுதி’ என்று பொதுவாகக் காட்டலாம். ஜெர்மனியில் ஓட்டும்போது அந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது. சுவிட்சர்லாந்து மிகக் கடுமை, அத்தகைய கருவியைக் கொண்டுபோவதே குற்றம். கால்வாயைத் தாண்டும் முன் கருவியின் செட்டிங்ஸில் அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள், போன் செயலியிலும்.

கார்டிஃபிலிருந்து: விக்னெட் (சாலைக் கட்டண ஸ்டிக்கர்), சுற்றுச்சூழல் மண்டலம் எல்லாவற்றையும் சாட்நாவ் பார்த்துக்கொள்ளுமா?

பாதிதான். கட்டணச் சாலை என்று எச்சரிக்கும், ஸ்டிக்கரை வாங்கித் தராது. 3.5 டன் என்ற கோடு இங்கே மிக முக்கியம். அதற்குள் என்றால் ஆஸ்திரியாவில் விக்னெட் போதும். தாண்டினால் கோ-பாக்ஸ் என்ற கருவியைப் பொருத்தி கிலோமீட்டர் கணக்கில் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தில் 3.5 டன்வரை 40 ஃப்ராங்க் விக்னெட், அதற்கு மேல் கனரக வண்டிக் கட்டணம். பிரான்சில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளில் 2021 முதல் பக்கங்களிலும் பின்னாலும் ‘மறைவுப் பகுதி’ (ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத இடம்) எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஜெர்மனியின் பல நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் போக, புகை குறைந்த வண்டி என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் தேவை, வெளிநாட்டு வண்டிக்கும்தான்.

இத்தாலியின் பழைய நகரங்களில் இசட்டிஎல் என்ற தடை மண்டலங்கள் உண்டு. நுழைவாயிலில் கேமரா படமெடுக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். ஃப்ளாரன்ஸ், பிசா போனால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் உள்ளே போங்கள்.

இப்ஸ்விச்சிலிருந்து: கடற்கரை கார் பார்க்குகளில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கிறது. சாட்நாவ் சொல்வதே இல்லை.

சொல்லாது அக்கா. கருவிக்குத் தெரிவது பொதுச்சாலையின் தடைகள் மட்டுமே. பார்க்4நைட் செயலியில் அந்த இடத்துக்குப் போனவர்கள் எழுதிய குறிப்பையும் படத்தையும் பாருங்கள், கம்பி இருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ரெடிங்கிலிருந்து: கருவியை எங்கே பொருத்துவது? சார்ஜும் நிற்பதில்லை.

ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடத்தில், முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ டாஷ்போர்டிலோ. போனைக் கையில் எடுக்கவே கூடாது. பிரிட்டனில் 2022 மார்ச்சில் சட்டத்தை இறுக்கினார்கள், பிடிபட்டால் 200 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. சார்ஜ் நிற்காததற்குப் பெரும்பாலும் வண்டியில் உள்ள பழைய யூஎஸ்பி துளையின் குறைந்த மின்னோட்டமே காரணம். கருவியோடு வந்த 12 வோல்ட் வயரையே சொருகுங்கள்.

கோவென்ட்ரியிலிருந்து: எல்லாம் செய்தும் தாழ்வான பாலத்தின் முன்னால் போய் நின்றுவிட்டால்?

நில்லுங்கள். ஆபத்து விளக்கைப் போடுங்கள். உயரத்தில் சந்தேகம் இருந்தால் ‘மெதுவாகப் போய்ப் பார்ப்போம்’ என்ற பேச்சே வேண்டாம். கூட வந்தவர் ஒருவர் இறங்கிப் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று பின்னால் எடுக்க உதவட்டும். அப்படி நிறுத்த முடியாத சாலை என்றால் போலீஸை அழையுங்கள், வந்து வழி செய்வார்கள்.

ரயில் பாலத்தை இடித்தேவிட்டால் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாலத்தின் சுவரில் ஓர் எண் பலகை இருக்கும். பாலத்தின் அடையாள எண்ணும் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். உடனே அழைத்துச் சொல்லுங்கள். மேலே அடுத்த ரயில் வந்துகொண்டிருக்கலாம்.