நாக்கறுபட்ட மணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யாவில் உக்லிச் என்ற சிற்றூரில் ஆலய மணிக்கே தண்டனை கொடுத்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள் என்று படித்தேன். உண்மையா? அங்கே இறந்துபோன இளவரசன் திமித்ரியைக் கொன்றது, அப்போது மாஸ்கோவில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த போரிஸ் கோதுனோவ்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உண்மைதான். உக்லிச் வோல்கா கரையில் இருக்கிறது. ஜார் நான்காம் இவான் இறந்ததும் அவருடைய கடைசி மனைவி மரியா நகாயாவையும் கைக்குழந்தை திமித்ரியையும் மாஸ்கோவில் வைத்திருக்க விரும்பாமல் அங்கே அனுப்பிவிட்டார்கள்.

1591 மே 15. எட்டு வயதுப் பையன் முற்றத்தில் சேக்காளிகளோடு கத்தியை எறிந்து தரையில் குத்தி நிற்கவைக்கும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் காயத்தோடு செத்துக் கிடந்தான். மணி அடித்தது, ஊரே திரண்டது. பையனைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்பி, மாஸ்கோ அனுப்பியிருந்த அதிகாரி பித்யகோவ்ஸ்கியையும் இன்னும் பலரையும் ஜனங்கள் அடித்தே கொன்றார்கள்.

விசாரிக்க வந்தவர் வசீலி ஷூயிஸ்கி. வலிப்பு வந்து தன் கத்தியிலேயே விழுந்தான் என்று முடிவானது. 1606-ல் அதே ஷூயிஸ்கி ஜார் ஆனதும், பையன் கொலையுண்டான் என்று சொல்லி அவனைப் புனிதனாக்கினார். இவரை நம்பி கோதுனோவ் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. விபத்து என்றே நினைக்கிறேன்.

சரி, எல்லோரும் கோதுனோவைப் பற்றியே கேட்கிறோம். ஊர் என்ன ஆனது? சிலருக்குத் தலை போனது, சிலருக்கு நாக்கு. குடும்பம் குடும்பமாக சைபீரியாவில் பெலிமுக்கு ஓட்டப்பட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயைத் துறவியாக்கி மடத்தில் அடைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அப்புறம் அந்த மணி. ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலவே மணிக்கு நாக்கு என்றுதான் சொல்வார்கள். அதைப் பிடுங்கி, தொங்கவிடும் காதையும் வெட்டி, சவுக்கால் அடித்து சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க்குக்கு அனுப்பியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். உக்லிச் மக்கள் விடாமல் மனுப் போட்டு, 1892-ல்தான் அது ஊர் திரும்பியது. வந்தது அதே மணிதானா என்று சந்தேகிப்பவர்களும் உண்டு.

இப்போது அது பையன் விழுந்த இடத்தில் கட்டிய செந்நிற தேவாலயத்துக்குள் இருக்கிறது. மேலே எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள்: இளவரசர் திமித்ரி கொல்லப்பட்டபோது அபாயத்துக்கு அடித்த மணி இது, 1593-ல் உக்லிச்சிலிருந்து தொபோல்ஸ்க்குக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டது என்று. 'இறந்தபோது' என்று அதில் இல்லை.

அன்புடன்.