கூத்து வாத்தியாரின் குரலை எப்படிக் காப்பது?

கலை ஆவணங்கள், வாய்மொழி வரலாறு பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. பாரதக் கூத்து முழுக்க மனப்பாடம். நோட்டில் பாதிதான் இருக்கிறது. மீதியை செல்போனில் பதிந்தால் போதுமா?
*– வாசகர், பென்னாகரம்*

செல்போன் போதும். ஆனால் முதல் தடவை போகும்போது அதை வெளியே எடுக்காதீர்கள். நோட்டை அவரோடு சேர்ந்து புரட்டி, எந்த நாள் கூத்தில் எந்தப் பாட்டு விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்புதான் பிறகு உங்கள் கேள்வித்தாள்.

பதிவுக்குத் தகரக் கூரை வீடு வேண்டாம். வெயில் ஏறினால் தகரம் விரிந்து சடசடக்கும், அது அத்தனையும் பதிவாகும். ஓட்டு வீடோ, துணிமணி நிறைந்த சின்ன அறையோ நல்லது. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். காலர் மைக் வைத்திருந்தால், தோளில் துண்டு உரசாத பக்கம் குத்துங்கள். எம்பி3 வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பாகப் பதியும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மோனோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும்.

விருத்தம், அதாவது தாளக்கட்டு இல்லாமல் நீட்டிப் பாடும் பாட்டு, எடுக்கும்போது குரல் சட்டென்று ஏறும். பேச்சுக்குச் செயலியின் ஒலி அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வைத்திருந்தால், பாட்டுக்கு முன் இன்னும் குறைத்துவிடுங்கள். உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கரகரத்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் அவர் தொண்டை தாங்காது.

"உங்கள் கூத்து வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் மேடைப் பேச்சுதான் வரும். முதலில் கட்டிய வேஷம் எது, அரிதாரம் பூசிவிட்டது யார், கூலி நெல்லாக வந்ததா பணமாக வந்ததா என்று கேளுங்கள். பழைய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் எடுத்து அவர் கையில் கொடுங்கள். பொருளைத் தடவிக்கொண்டே பேசும்போது, கேட்கத் தோன்றாத விஷயமெல்லாம் வரும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அடுத்த அடி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

வீட்டில் உட்கார்ந்து பாடும்போது எந்தக் கலைஞரும் சுருக்கித்தான் பாடுவார். அருச்சுனன் தபசில் மரம் ஏறிக்கொண்டே பாடும் பாட்டைத் திண்ணையில் அதே நீளத்துக்கு யாரும் பாடுவதில்லை. ஆகவே திரௌபதி அம்மன் திருவிழாவில் ஜமா (கூத்துக் குழு) ஆடும்போதும் ஒருமுறை பதியுங்கள். கூம்பு ஒலிபெருக்கியை விட்டு விலகி, பின்பாட்டுக்காரர்கள் பக்கம் உட்காருங்கள். இரண்டு பதிவும் வேண்டும். ஒன்று வரிகளுக்கு, மற்றொன்று வேகத்துக்கும் தாளத்துக்கும்.

அன்று இரவே இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். நகல் திறக்கிறதா என்று பார்க்காமல் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் ஒலி நசுங்கும். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

சொந்தத் தாத்தாவிடமே சம்மதக் கையெழுத்து வாங்குவது மரியாதைக் குறைவாக இருக்காதா?
*– வாசகி, காரிமங்கலம்*

இல்லை அம்மா. அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதால்தான் கேட்கிறோம். சட்டமும் அதையே சொல்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் பதிவு மீது 50 ஆண்டுகள் உரிமை உண்டு. பாம்பாட்டிக்கும் அந்த உரிமை இருக்கிறது, கூத்தாடிக்கு இல்லாமல் போகுமா?

படிவம் ஒரே பக்கமாக, பேச்சுத் தமிழில் இருக்கட்டும். சேமித்து வைக்கலாமா, ஆராய்ச்சி செய்பவர்கள் கேட்கலாமா, யூடியூபில் போடலாமா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலிரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டு மூன்றாவதை மறுப்பவர்கள் நிறையப் பேர். மொத்தமாக ஒரே கையெழுத்து வாங்கினால் அந்த மறுப்பு காணாமல் போய்விடும். பேச்சில் பங்காளித் தகராறோ அடுத்த வீட்டு விவகாரமோ வந்தால், அந்தப் பகுதியை இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று அவரே சொல்லலாம். அதையும் எழுதுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால், படிவத்தை வாசித்துக் காட்டுவதையும் அவர் சம்மதம் சொல்வதையும் பதிந்துவிடுங்கள். பதிவின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வாச்சாத்தி மக்களிடம் வாய்மொழி வரலாறு திரட்ட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
*– கல்லூரி மாணவி, அரூர்*

ஊரில் தொடங்காதீர்கள், தீர்ப்பில் தொடங்குங்கள். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வாச்சாத்தியில் புகுந்து, வீடுகளை இடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அதை 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெண்கள் அதிகாரிகளிடமும் வழக்கறிஞர்களிடமும் நிருபர்களிடமும் அன்று நடந்ததை எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை அவர்களைச் சொல்ல வைக்க ஒரு கல்லூரித் திட்டக் கட்டுரை போதுமான காரணம் இல்லை. இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். பெயரை மட்டும் மறைத்தால் ஆகாது. உறவுமுறை, வீடு இருக்கும் இடம், குரல் எதுவும் அடையாளம் காட்டிவிடும்.

நீதிமன்றம் கேட்காதது நிறைய இருக்கிறது, அதைக் கேளுங்கள். 1992-க்கு முன் காட்டில் என்னென்ன எடுத்தார்கள், மானாவாரியில் என்ன விதைத்தார்கள், கல்யாணம் எப்படி நடந்தது, இடித்த வீடுகளை யார் யார் சேர்ந்து திரும்பக் கட்டினார்கள்? இவையும் அந்த ஊரின் வரலாறுதான். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே போய், எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். உதவி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்களாக அந்த நாளைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

எம்.ஏ. வரலாறு முடித்தேன். ஆவணக் காப்பக வேலைக்குத் தனிப் படிப்பு உண்டா?
*– வாசகர், பாலக்கோடு*

டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளி ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. அதோடு பட்டியலிடும் பழக்கமும் வேண்டும். உங்கள் ஊர் நூலகத்திலுள்ள பழைய விழா மலர்களுக்கும் நோட்டீசுகளுக்கும் ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள்.

எங்கள் பாட்டி தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து பேசுவார். எழுத்தில் எப்படி இறக்குவது?
*– வாசகி, தேன்கனிக்கோட்டை*

பேசியபடியே எழுதுங்கள். மூன்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் பொருளை ஓரத்தில் தனியே கொடுங்கள். "வந்தாங்கோ" என்றதை "வந்தார்கள்" என்று திருத்தினால் ஓசூர்ப் பக்கத்துப் பேச்சே மறைந்துவிடும். ஒரு மணி நேரப் பதிவை முழுதாக எழுத ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். எனவே முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் உள்ளடக்கக் குறிப்புப் போடுங்கள். முழு எழுத்து வேலை பாதியில் நின்றாலும், தேடுபவருக்கு அந்தக் குறிப்பு வழிகாட்டும்.

அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவை மூடிவிட்டோம். பெட்டி பெட்டியாக நெகட்டிவ், சில கண்ணாடித் தகடுகள். என்ன செய்வது?
*– வாசகர், காவேரிப்பட்டினம்*

முதலில் ரசீது நோட்டுகளைத் தேடுங்கள். கவரின் மேல் இருக்கும் எண்ணை வைத்து ஆளையும் தேதியையும் சொல்வது அந்த நோட்டுகள்தான். அவை எடைக்குப் போய்விட்டால் பெட்டியில் மிஞ்சுவது பெயர் தெரியாத முகங்கள்.

அடுத்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். அவற்றைத் தனியே பிரித்து, பிளாஸ்டிக் கவரை நீக்கி, காகித உறையில் போட்டு, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 35 எம்எம் ஃபிலிமுக்கு 4000 டிபிஐ, பெரிய 120 ஃபிலிமுக்கு 2400, டிஃப் (TIFF) கோப்பு. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். நீள விளிம்பு கீழே வர, நிமிர்த்தி வையுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்னால் குறிக்க மெல்லிய பென்சில் மட்டும், அதுவும் ஓரத்தில். லேமினேஷன், செலோடேப், அந்துருண்டை மூன்றும் வேண்டாம்.

எங்கள் நிலத்தில் எழுத்தோடு ஒரு நடுகல் இருக்கிறது. சாக்பீஸ் தேய்த்தால் எழுத்து தெரியுமா?
*– வாசகர், ஊத்தங்கரை*

சாக்பீஸ், மாவு, பெயிண்ட் எதுவும் வேண்டாம். தேய்ப்பவர் எழுத்தென்று நினைத்த கீறலெல்லாம் பிறகு எழுத்தாகவே தெரியும். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் காட்டி, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். உயரம், அகலம், கல் பார்க்கும் திசை, சர்வே எண், ஊரார் அதை என்ன பெயரில் கும்பிடுகிறார்கள் என்பதெல்லாம் குறிப்பில் வரட்டும். வழிபாட்டில் இருக்கும் கல் என்றால் பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இடம் மாற்றாதீர்கள். குறிப்பின் ஒரு நகலைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள். தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளில் இந்தக் கல் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.