எடுக்காத கடனுக்கு ஒரு தவணைகூடக் கட்ட வேண்டாம்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் போட்டோக் கொப்பிக் கடை நடத்துகிறேன். நாங்கள் தவணைக்குப் பொருள் வாங்கிய ஒரு நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர் விபரங்கள் களவு போயுள்ளன. இப்போது என் மனைவியின் பெயரில் லீசிங்குக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கப்பட்டதாகவும், நான்கு தவணைகள் நிலுவை என்றும் வேறொரு நிதி நிறுவனம் கடிதம் அனுப்பியுள்ளது. ஒப்பந்தத் திகதியில் அவர் கட்டாரில் வேலையில் இருந்தார். ஒரு தவணையைக் கட்டினால் மிகுதியைச் சரிசெய்து தருவதாக வசூலிக்க வந்தவர் கூறுகிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். பயத்திலோ மானத்துக்கு அஞ்சியோ செலுத்தும் ஒரு தவணை, கடனை ஏற்றுக்கொண்டதற்கான சான்றாகப் பின்னர் உங்கள் மனைவிக்கு எதிராகவே காட்டப்படலாம். கடன் கொடுத்ததாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101 ஆம் பிரிவு. அந்தப் பொறுப்பை நீங்களாகத் தோளில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

முதலில், தான் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை என்பதை உங்கள் மனைவி எழுத்தில் மறுத்து, பதிவுத் தபாலில் அனுப்பட்டும். ஒப்பந்தம், கொடுக்கப்பட்ட அடையாள அட்டைப் பிரதி, பிணையாளிகளின் விபரம், வாகனம் யாரிடம் கையளிக்கப்பட்டது என்பதற்கான பதிவு ஆகியவற்றின் பிரதிகளை அதே கடிதத்தில் கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகளின் பிரதியையும் இணையுங்கள். இந்த வழக்கில் அதைவிட வலுவான சாட்சியம் உங்களிடம் இருக்கப்போவதில்லை.

அடுத்து, தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து பிரதியைப் பெறுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். களவாடப்பட்ட தரவைக் கையாள்வது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்திற்குள் வரும். முறைப்பாட்டில் வாகனத்தின் பதிவு இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். லீசிங் வாகனம் உங்கள் மனைவியின் பெயரில் பதிவாகியிருந்தால், அது ஒரு விபத்திலோ குற்றத்திலோ அகப்படும் நாளில் பொலிஸார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். அந்த வாகனத்தை ஓடுபவரைப் பிடித்தால் மோசடி செய்தவரை அடையும் வழியும் திறக்கும்.

கடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் மனைவியின் கடன் அறிக்கையையும் பெறுங்கள். வேறு நிறுவனங்களிலும் கடன் எடுக்கப்பட்டிருந்தால் அதில்தான் தெரியும். பிழையான பதிவைத் திருத்த வேண்டியது அதை அனுப்பிய நிதி நிறுவனமே என்பதால், அந்தக் கோரிக்கையும் எழுத்தில் அவர்களுக்கே போக வேண்டும். அவர்கள் அசையாவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்திற்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நீதிமன்றத்திலிருந்து எந்தக் கடதாசி வந்தாலும், அதைப் பெற மறுக்காமல் அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நீங்கள் தோன்றாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். வசதி குறைவெனில் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தை நாடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் உங்கள் கடை வட்ஸ்அப்பிற்கு அனுப்பிப் பிரதி எடுப்பவர்கள் நாள்தோறும் வருவார்கள். அந்தப் படங்கள் தொலைபேசியின் கலரியிலும் கணினியின் டவுன்லோட் கோப்புறையிலும் மாதக்கணக்கில் கிடந்தால், உங்கள் மனைவிக்கு நேர்ந்ததே ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு உங்கள் கடையிலிருந்தே நேரக்கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கத்திற்கு மட்டும் தரவைப் பயன்படுத்தவும், தேவை முடிந்தபின் வைத்திருக்காதிருக்கவும் வேண்டும் என்ற கொள்கையில் அமைந்தது. சிறிய கடை என்பதற்காக அக்கொள்கை மாறாது. பிரதி எடுத்து முடிந்ததும் படத்தை இரண்டு இடத்திலும் அழித்துவிடுங்கள். பிழையாக வந்த தாள்களைக் கிழித்தே குப்பையில் போடுங்கள், சாமான் சுற்றக் கொடுக்காதீர்கள். பிரதியின் குறுக்கே எதற்காக, யாருக்காக, எந்தத் திகதியில் கொடுக்கப்படுகிறது என்று பேனையால் எழுதச் சொல்லி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேளுங்கள். அப்படி எழுதிய பிரதியை வேறொரு கடனுக்கு வைப்பது எளிதல்ல.