குடித்தனக்காரருக்கு முன்னால் தரகரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, கடலூர் கூத்தப்பாக்கத்தில் அப்பா கட்டிய இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். ஐந்து மாதமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரில் ஒரு தரகர், "நல்ல ஆளாகப் பார்த்து வைக்கிறேன், வாடகையும் நானே வசூலித்து அனுப்புகிறேன். ஆள் வைக்கும்போது ஒரு மாத வாடகை கமிஷன். பவர் எழுதிக் கொடுங்கள், அட்வான்ஸ் என்னிடமே இருக்கட்டும்" என்கிறார். நம்பலாமா?
— வாசகி ஒருவர், பெங்களூரு

பதில்: முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். 'பவர்' என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாகக் கண்ணாடியைத் தேடுகிறது. வீட்டை வாடகைக்கு விட, உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமையைத் தரும் அந்தப் பொது அதிகாரப் பத்திரம் வேண்டவே வேண்டாம். வீட்டைக் காட்டலாம், சாவி வைத்திருக்கலாம், ரிப்பேர் பார்க்கலாம், பணம் வாங்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுங்கள், போதும். அப்புறம், வீடு அப்பா பெயரிலேயே இருக்குமானால் நீங்கள் மட்டும் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டீர்கள். அம்மாவும் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும்.

அவர் நல்லவரா கெட்டவரா என்பதை விடுங்கள். கணக்கைப் பாருங்கள். ஆள் மாறும்போதெல்லாம் அவருக்கு ஒரு மாத வாடகை. ஒரே குடும்பம் ஆறு வருடம் இருந்தால் அவருக்கு ஒரே ஒரு கமிஷன். நீங்கள் தேடுவது நிலையாக இருக்கும் ஆளை. அவருக்கு லாபம் நிலையில்லாத ஆள்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. மகள் பிரசவத்துக்கென்று ஓசூர் போனவர்கள் இரண்டு வருடம் அங்கேயே தங்கிவிட்டோம். கடலூர் வண்டிப்பாளையத்து வீட்டை ஒரு தரகரிடம் விட்டிருந்தேன். வாடகை 9,000. இரண்டு வருடத்தில் மூன்று குடித்தனம். கமிஷன் 27,000. நடுவில் நாலு மாதம் காலி, அது 36,000. இரண்டு தடவை வெள்ளையடித்தது 24,000. ஆக 87,000 ரூபாய் போனது. இத்தனைக்கும் அந்த மனிதர் ஒரு பைசா திருடவில்லை! கடைசியாகக் காலி செய்தவரைத் திருப்பாதிரிப்புலியூர் தேரடியில் பார்த்தபோதுதான், "இதைவிடக் குறைந்த வாடகையில் வேறு வீடு காட்டினாரே, அதான் போனோம்" என்றார். காட்டியதும் நம்ம தரகர்தான். அங்கேயும் ஒரு கமிஷன்.

இப்போது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லைன்மேன்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வாடகை நேராக என் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வாடகை வந்த மாதம் அவருக்கு 700, வராத மாதம் கிடையாது. தீபாவளிக்கு வேட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஈபி மீட்டர், மொட்டைமாடித் தொட்டி, கழிவறைக் குழாய் மூன்றையும் படம் பிடித்து அனுப்புவார். தரகர்தான் வேண்டும் என்றாலும் இப்படியே பேசுங்கள்: கமிஷனில் பாதி இப்போது, மீதி ஒரு வருடம் கழித்து. ஒப்புக்கொண்டால் அவரையே வையுங்கள்.

ஆளை எப்படி விசாரிப்பது? எல்லோரும் இப்போது இருக்கும் வீட்டுக்காரரைக் கேட்பார்கள். அவர் காலி செய்ய வைக்கத் தவித்துக்கொண்டிருந்தால் "தங்கமான மனிதர்" என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கான படிவத்திலேயே முந்தைய வாடகை விவரத்துக்கு ஓர் இடம் உண்டு, வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் பெயருக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டையும் காலியாக விடாதீர்கள். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. அந்த அட்வான்ஸ் உங்கள் கணக்கில் இருக்கட்டும். காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள், தரகர் அல்ல.

ஒன்றை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில் பெண்ணையாறு பெருகியபோது உங்கள் தெருவில் நின்றதா, எத்தனை படி ஏறியது, போர் தண்ணீர் உப்பா என்பதையெல்லாம் குடிவருகிறவர் பக்கத்து வீட்டில் எப்படியும் கேட்டுக்கொள்வார். மறைத்து வைத்த வீட்டில் யாரும் இரண்டாவது மழைக்காலத்துக்கு இருப்பதில்லை.

மாதத்தையும் பாருங்கள். நம் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூனில் போட்டால் ஏப்ரலில் முடியும், அடுத்தது மார்ச்சில், அதற்கடுத்தது பிப்ரவரியில். இப்படியே பின்னால் நகர்ந்து ஒரு வருடம் மார்கழியில் வந்து நிற்கும். புதுப்பிக்கும்போது நாள்காட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் புதுச்சேரி. கடலூர் நண்பர் ஒருவர் வாடகை ஒப்பந்த மாதிரி ஒன்று கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எங்களுக்கும் உண்டா?
— வாசகர், முதலியார்பேட்டை

பதில்: கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டம் முள்ளோடை எல்லையோடு நின்றுவிடும். உங்களுக்கென்று 1969-இல் போட்ட புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனி. கடலூர் நண்பர் கொடுத்த ஒப்பந்த மாதிரியை அப்படியே நகலெடுக்காமல் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். முந்தைய வீட்டுக்காரரைக் கேட்பதற்கு மட்டும் எந்த எல்லையும் இல்லை.

கேள்வி: அசைவம் சமைக்காதவர்கள்தான் வேண்டும் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு மாதமாக யாரும் வரவில்லையே?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: துறைமுகத்தில் மீன் இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! வீடு உங்களுடையது, விருப்பமும் உங்களுடையது. லைன்மேன் கொண்டுவந்த குடும்பம் என் வீட்டில் ஐந்தாவது வருடமாக இருக்கிறது. மொட்டைமாடியில் நெத்திலி காய்கிறது. மாதம் பிறந்து மூன்றாம் தேதிக்குள் வாடகை வந்துவிடுகிறது.